கிட்டாரைக் கெடுத்தவள்

செப்டம்பர் 2, திங்கள்

வாசுகி வந்து இறங்கிவிட்டாள். டெம்போவின் பின்னால் இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு கிரைண்டர், ஒரு மூட்டைப் பாத்திரம். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் மகாராணி. ராசிபுரம் வீட்டைச் சாலை அகலப்படுத்த இடித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரின் தங்கை, கல்யாணம் ஆகாதவள், வேறு போக்கிடம் இல்லை. ஆகவே சேலத்தில் நான் தனியாக, நிம்மதியாக இருக்கும் இரண்டு அறை வீட்டுக்கு வந்தாயிற்று. அவர் உயிரோடு இருந்தால் அவரோடு சண்டை பிடித்திருப்பேன். போய்ச் சேர்ந்து தப்பித்துக்கொண்டார்.

என் மகன் நவநீதன் செய்து வைத்த ஏற்பாட்டை வாசற்படியிலேயே சொல்லிவிட்டேன். "விஜயதசமி வரைக்கும்தான். ஏற்காடு அடிவாரத்துல ஒரு முதியோர் ஹோம் இருக்கு. அன்னிக்குத்தான் ரூம் காலியாகுதாம். நவநீதன் பேசி வச்சிருக்கான்."

"சரிங்க அண்ணி" என்றாள். எதைச் சொன்னாலும் சரிங்க அண்ணிதான். எதிர்த்துப் பேசாத ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

கடைசியாக அவள் காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்த நீளமான கறுப்புப் பெட்டி இறங்கியது. என் பெட்டி. என் கிட்டார். மற்ற சாமான் எல்லாம் பின்னால் உருண்டுகொண்டு வர, இதை மட்டும் கையில் பிடித்து வந்திருக்கிறாள். திருடினவர்களுக்குத்தான் திருட்டுப் பொருள் மேல் அத்தனை அக்கறை இருக்கும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பெட்டிச் சாவி அவள் இடுப்பில் தொங்கும் கொத்தில் இருக்கிறது. இடித்த வீட்டின் சாவி, அங்கிருந்த பீரோவின் சாவி, நடுவில் என் சாவி. என்ன துணிச்சல்.

செப்டம்பர் 4, புதன்

சாவியை வாங்கித் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனை மூக்கைத் துளைத்தது. மூலைக்கு ஒன்றாக நான்கு உருண்டைகள், முழுசாக, வெள்ளையாக. என்றைக்குப் போட்டாளோ.

சிவப்பு நிறம் அப்படியே இருக்கிறது. மற்றதெல்லாம் போயிற்று. தந்திகள் துருவேறி, தொட்டால் உதிர்கின்றன. கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளில் பச்சைக் களிம்பு. தந்தி முறுக்கும் சாவிகள் அசையவில்லை. கழுத்தே முன்பக்கமாக வளைந்திருக்கிறது. தந்திக்கு அடியில் ஒலியைப் பிடிக்கும் காந்தப் பெட்டி இரண்டு உண்டு, பிக்கப் என்போம். அதில் முன் பிக்கப்பின் தகட்டு மேல் மண் மாதிரி ஏதோ திட்டாக அப்பியிருக்கிறது. குளவி கூடு கட்டியிருக்கும்.

பினாங்கு மாமா கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் கிட்டார் இது. சேலத்தில் அந்நாளில் எங்கள் மகளிர் மெல்லிசைக் குழுவில் ஏழு பெண்கள். நான் லீட் கிட்டார். திருவிழா மேடையில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நான் வாசிக்க ஆரம்பித்தால் பட்டாணி விற்கிறவன்கூட விற்பதை நிறுத்துவான். பிறகு கல்யாணம். கிட்டார் வாசிக்கிற மருமகள் ஊரில் எவளுக்காவது உண்டா என்று மாமியார் கேட்டார். பெட்டி ராசிபுரம் வீட்டுப் பரணுக்குப் போனது. எனக்கு சேலம் தொலைபேசி நிலையத்தில் வேலை கிடைத்துக் குடித்தனம் மாறிய அன்று பெட்டியைக் கேட்டேன். இந்த வாசுகிதான் குறுக்கே வந்து நின்றாள். "பரண்ல அடியில மாட்டிக்கிட்டு இருக்குங்க அண்ணி, அப்புறம் எடுத்துக்கலாம்" என்றாள். அந்த அப்புறம் முந்தாநாள்தான் வந்தது.

இதைச் சரி செய்யப் போகிறேன். யாரிடமும் கொடுக்க மாட்டேன், நானே செய்வேன். வேலை பார்த்த காலம் முழுக்கக் கம்பிக்கு ஈயம் பற்றவைத்தவள் நான். விஜயதசமிக்குள் சரி செய்து, அவளை எதிரே உட்கார வைத்து வாசித்துக் காட்டுவேன். எதைக் கெடுத்தாள் என்று காதால் கேட்டுவிட்டு ஹோமுக்குப் போகட்டும்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு ஏலக்காய் அதிகம் போட்டுவிட்டாள். சொன்னேன். சரிங்க அண்ணி. ஆறு தின்றேன், வீணாகக் கூடாது என்று.

செப்டம்பர் 10, செவ்வாய்

பழைய தந்திகளை வெட்டி எடுத்தேன். தந்திச் சாவிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறப் போட்டிருந்தேன், ஐந்து அசைந்துவிட்டன. ஆறாவது அடம் பிடிக்கிறது. வாசுகி பக்கத்தில் வந்து நின்று, "தேங்காண்ணெய் தரட்டுங்களா அண்ணி?" என்றாள்.

"இது உன் தலைமுடி இல்ல."

போய்விட்டாள். பிறகு கட்டைகளின் களிம்பைத் தேய்க்க உட்கார்ந்தேன். மரத்தில் படாமல் ஓரங்களில் டேப் ஒட்டி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பாதியில் பாலிஷ் தீர்ந்துவிட்டது. சமையலறையிலிருந்தே குரல் வந்தது. "வெள்ளிச் சாமானுக்கு விபூதி போட்டுத் தேய்ப்போமுங்க." கிட்டார் என்ன குத்துவிளக்கா என்று கேட்டேன்.

அவள் குளிக்கப் போன நேரத்தில் போட்டுப் பார்த்தேன். விபூதி நன்றாகத்தான் வேலை செய்கிறது. இதை அவளிடம் சொல்லப் போவதில்லை.

செப்டம்பர் 14, சனி

கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. அதன் முனையைத் திருகினால் வளைவு நிமிரும். ஆனால் ஒரே மூச்சில் திருகினால் மரம் பிளந்துவிடும். கொஞ்சம் திருகி, ஒரு நாள் விட்டு, இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்து, மறுபடி கொஞ்சம். எனக்குப் பொறுமை கிடையாது, ஊருக்கே தெரியும். திருகு சாவியை என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் சும்மா இருக்க முடிகிறது. பீரோச் சாவியை வாசுகியிடம் கொடுத்து, நாளைக்கு வரைக்கும் நான் கேட்டாலும் தராதே என்றேன். சாயங்காலம் கேட்டேன். தரவில்லை. திமிர்.

செப்டம்பர் 18, புதன்

கழுத்து நிமிர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் அரை நாள்கூட நிற்கவில்லை.

மின்சாரம் ஓடுகிறதா என்று காட்டும் மீட்டரை எடுத்துப் பிக்கப்புகளைச் சோதித்தேன். பின் பிக்கப் உயிரோடு இருக்கிறது. முன் பிக்கப்பில் முள் அசையவே இல்லை. திருப்பி வைத்தேன், கம்பியைச் சுரண்டி வைத்தேன், ஒன்றுமில்லை. உள்ளே சுற்றியிருக்கும் செப்பு இழை அறுந்துவிட்டது. தலைமுடியைவிட மெல்லிய இழை, ஆயிரக்கணக்கான சுற்று. என் கண்ணையும் கையையும் வைத்துக்கொண்டு அதை மறுபடி சுற்ற முடியாது. கனமான, உருண்டையான சத்தம் முழுக்க முன் பிக்கப்பில்தான். மேடையில் என் சத்தம் அதுதான். அது போயிற்று.

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது, எனக்கு அக்கறையில்லை.

"நீ ஒரு பொருளையாவது உருப்படியா வச்சிருந்திருக்கியா? பரண்ல எலியோட எலியா போட்டுட்டு, இப்ப மகாராணி மாதிரி சாவியக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிற!"

"பத்திரமாத்தான் வச்சிருந்தேனுங்க அண்ணி."

"பத்திரமா வச்ச லட்சணத்த மீட்டர்ல பாரு!"

மீட்டரைப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும். முகம் மட்டும் சுருங்கிப்போனது. இரவு சாப்பிட வரவில்லை. எனக்கென்ன. தோசை இரண்டைத் தட்டு போட்டு மூடி வைத்தேன், பல்லி விழுமே என்று.

செப்டம்பர் 19, வியாழன்

தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஹோமைப் பார்க்க வாசுகியைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல இடம். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, அதுவே எரிச்சலாக இருந்தது. அறைக்கு மூன்று கட்டில், ஆளுக்கு ஒரு அலமாரி, ஜன்னலில் மலை. ஒரு கட்டிலில் ஒரு அம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், நாங்கள் வெளியே வரும்வரை திரும்பவில்லை. மேனேஜர் பொறுமையான பெண்மணி. சாப்பாட்டு நேரம், டாக்டர் வரும் நாள் எல்லாம் விளக்கிவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்று வாசுகியிடம் கேட்டார்.

"இங்க ஆயுத பூஜை உண்டுங்களா?"

மேனேஜர் சிரித்துவிட்டார். "நீங்க என்ன ஆயுதம்மா வச்சிருக்கீங்க?"

இவளும் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இருக்கிற கேள்வியெல்லாம் விட்டுவிட்டு இதைக் கேட்கிறாள். அப்படியே அவள் அம்மா புத்தி.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்தேன். எனக்கு வெயில் ஆகாது.

செப்டம்பர் 28, சனி

பின் பிக்கப் ஒன்றை வைத்தாவது பேச வைப்பது என்று உட்கார்ந்தேன். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புது ஒயர், புது ஜாக். உடலுக்குள் இருட்டுக் குழி, கையை விட்டால் ஒன்றும் தெரியவில்லை. போனில் டார்ச் அடிக்கச் சொல்லி வாசுகியைக் கூப்பிட்டேன்.

"அசையாம பிடி. மேல. அவ்வளவு மேல இல்ல. மூச்சு விடாத, புகை இங்க வருது."

அவள் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முகம் சிவந்ததைப் பார்த்து, விட்டுத் தொலை என்றேன்.

சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மாட்டி, ஸ்க்ரூடிரைவரால் பின் பிக்கப்பைத் தட்டினேன். ஸ்பீக்கரில் டொக் என்று கேட்டது. மறுபடி தட்டினேன், டொக். வாசுகி கையைத் தட்டினாள். எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்றேன். எனக்கும் தட்ட வேண்டும் போலத்தான் இருந்தது.

அக்டோபர் 1, செவ்வாய்

முன் பிக்கப்பைக் கழற்றினேன். செத்துப் போனதை அப்படியே விட மனசு வரவில்லை. எங்கே அறுந்தது என்றாவது பார்க்கலாம் என்று தகட்டு மேல் இருந்த குளவி மண்ணைச் சுரண்டினேன். கல்லாக இறுகியிருந்தது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அழுத்தித் துடைத்தேன்.

வாசனை வந்தது.

குளவிக்கூட்டில் சந்தனம் மணக்காது. நகத்தால் கீறிப் பார்த்தேன். மஞ்சள், அதற்கடியில் சிவப்பு, மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு. ஒன்றின் மேல் ஒன்றாகக் குங்குமமும் சந்தனமும் ஏடு ஏடாக இருக்கின்றன. தகட்டில் திருகுகளுக்கு இருக்கும் ஓட்டைகள் எல்லாம் அடைத்திருக்கின்றன.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்குப் பொட்டு பெட்டி மூடியில்தான் வைப்போம், வாத்தியத்தில் வைக்கவே மாட்டோம். ஈரம் உள்ளே போனால் தொலைந்தது என்று முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். மேடை ஏறினவர்களுக்குத் தெரியும்.

"வாசுகி!"

வந்தாள். பிக்கப்பை மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இது என்ன?"

"சந்தனமுங்க."

"தெரியுது. யாரு வச்சது?"

"நாந்தானுங்க அண்ணி. ஆயுத பூஜைக்கு. வருஷா வருஷம் தூசி தட்டி, உருண்டை மாத்தி, பொட்டு வச்சு உள்ள வைப்பேன்."

"அத இங்க கொண்டாந்து எதுக்குடி வச்ச?"

"எங்க வைக்கிறதுன்னு தெரியல. பாத்தா அதுதான் அதோட நெத்தி மாதிரி இருந்துச்சுங்க."

நெற்றியாம். நான் விளக்கினேன், விளக்கினேன் என்றால் கத்தினேன். பொட்டு பெட்டி மூடியில்தான் வைக்க வேண்டும் என்றேன். சந்தனத்தின் தண்ணீர் ஓட்டை வழியாக இறங்கி, உள்ளே இருக்கிற செப்பு இழையை அரித்துவிட்டது. எலியும் இல்லை, பரணும் இல்லை. பின் பிக்கப்புக்கு இவள் பொட்டு வைக்கவில்லை, அது பிழைத்தது.

"நீ கும்பிட்டுக் கும்பிட்டே அதக் கொன்னுட்ட!"

வழக்கமான சரிங்க அண்ணி வரவில்லை. முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அம்மா இத காயலான் கடைக்குப் போடச் சொன்னாங்க. நான் போட்டுட்டேன்னு சொல்லிட்டு அரிசி மூட்டைக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சேன். நீங்க சேலத்துக்குக் கெளம்புன அன்னிக்கு அம்மா பக்கத்துலயே நின்னாங்க. அதான் வாய்க்கு வந்தத சொன்னேன்."

"உங்கம்மா போய்ச் சேர்ந்து எத்தனை வருஷமாச்சு? அப்புறமாவது குடுத்திருக்கலாம்ல?"

"நீங்க ஒரு தடவகூட கேக்கலீங்களே அண்ணி. கேப்பீங்க, கேப்பீங்கன்னு ஒவ்வொரு தீபாவளிக்கும் பாத்தேன். வேணாம்னு ஆயிடுச்சு போலன்னு நெனச்சேன். வேணாங்கறவங்ககிட்ட எப்படிக் கொண்டாந்து நீட்டறது?"

நான் எதற்குக் கேட்க வேண்டும்? என் பொருளுக்கு நானே கையேந்தி நிற்கவா? ஒரு முறை கேட்டேன், இல்லை என்றார்கள், அதோடு விட்டேன். அதுதான் மானமுள்ளவர்கள் செய்வது.

கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று எழுத இந்தப் பக்கத்தில் இடமில்லை.

அக்டோபர் 2, புதன்

வெண்டைக்காய் வறுவல் நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

செத்த பிக்கப்பையும் பழைய இடத்திலேயே வைத்துத் திருகிவிட்டேன். எடுத்துவிட்டால் அங்கே சொத்தைப் பல் பிடுங்கின மாதிரி ஓட்டை தெரியும். புதுத் தந்தி கட்டி, சுருதி கூட்டினேன். ஆறாவது சாவி இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

வாசுகியை எதிரே நாற்காலியில் உட்காரச் சொன்னேன். இத்தனை நாள் இதற்குத்தானே காத்திருந்தேன். வாசித்தேன். விரல் நுனியெல்லாம் எரிந்தது, பாதி இடங்களில் கை போகவில்லை, சத்தம் மெலிசாக, கீச்சென்று இருந்தது. ஆனாலும் என் கிட்டார்தான். நடுவில் எனக்குக் கண் மறைத்துவிட்டது, முடியும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

முடித்ததும் கேட்டேன். "எப்படி?"

"நடுவுல ஒரு எடம் விட்டுட்டீங்க அண்ணி."

"என்னது?"

"தந்திய மேல தள்ளி இழுப்பீங்களே. அழுவற மாதிரி வரும்." வாயால் பாடியே காட்டினாள். சுருதி கொஞ்சமும் பிசகவில்லை. "மாரியம்மன் பண்டிகைக்கு நீங்க ராசிபுரத்துல வாசிச்சப்ப, மேடைக்குக் கீழ முன்னால நின்னுட்டு இருந்தேன். மறுநா கச்சேரிக்கு அண்ணனக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, இந்தப் பொண்ணப் பாருண்ணான்னு காட்டுனதே நாந்தானே. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. அவர் சொன்னதே இல்லை. தானாகப் பார்த்து விரும்பினதாக அல்லவா சாகிற வரைக்கும் பெருமை அடித்துக்கொண்டார். அப்படியானால் என் கல்யாணத்துக்கும் இவள்தான் காரணம். இவள் மேல் இருக்கிற குற்றங்களில் இதையும் சேர்த்துக்கொண்டேன்.

அந்த இடத்தை நாலைந்து முறை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. "விடுங்க, நாளைக்கு வரும்" என்றாள். எனக்கே சொல்லிக் கொடுக்கிறாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

நவநீதன் போன். "அம்மா, அத்தையோட ஆதார் கார்டு ஹோம்ல கேக்கறாங்க. போட்டோ எடுத்து அனுப்பு." தேடுகிறேன் என்றேன். என் பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது. தேடவில்லை.

அந்த இழுப்பு இன்று பாதி வந்தது.

அக்டோபர் 10, வியாழன்

வாசுகி துணிகளை மடித்து டிரங்குப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் கூடுதலாக இருக்கட்டுமா அண்ணி என்றாவது கேட்டால் என்ன, வாயில் இருக்கும் முத்தா உதிர்ந்துவிடும்? சரிங்க, சரிங்க என்றே போய்விடுவாள் போலிருக்கிறது. நாள் முழுக்க எரிந்து விழுந்தேன். பாலும் பொங்கி வழிந்துவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஹாலில் பலகை போட்டு அரிவாள்மனை, கத்தரிக்கோல், அவளுடைய கிரைண்டர், என் மீட்டர், ஈயம் பற்றவைக்கிற கம்பி எல்லாவற்றையும் வைத்தாள். கிட்டாரைச் சுவரோரம் நிறுத்தினேன். அதன் பெட்டியும் பக்கத்தில்.

சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். கிட்டாரிடம் வந்ததும் கை தயங்கியது. அதைத் தாண்டி, பெட்டி மூடிக்குப் போனாள்.

"அங்க எதுக்கு வைக்கிற?"

"பெட்டி மேலதான் வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"பழைய எடத்துலயே வை. அது செத்தாச்சு. இனிமே அதுல நீ கெடுக்க ஒண்ணும் பாக்கியில்ல."

என்னைப் பார்த்தாள். கிண்டல் செய்கிறேனோ என்று பார்த்தாள் போலும். பிறகு மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, முன் பிக்கப்பின் நடுவில் வைத்தாள். அதன் மேல் குங்குமம். சந்தனம் தகட்டில் வழிந்தது.

"இப்படியா தண்ணியா கொழப்ப? பக்கத்துல இருக்கறதும் போகணுமா? அடுத்த வருஷம் கெட்டியா கொழ."

"அடுத்த வருஷமுங்களா?"

"காது கேக்கலியா உனக்கு?"

புடவைத் தலைப்பை எடுத்து, வழிந்த சந்தனத்தை ஒற்றி ஒற்றி எடுத்தாள். அப்புறம் அதே தலைப்பில் முகத்தையும் துடைத்துக்கொண்டாள், கன்னமெல்லாம் மஞ்சள். பார்க்கச் சகிக்கவில்லை.

நவநீதன் போன் செய்தான், காலையில் எத்தனை மணிக்குக் கார் அனுப்பட்டும் என்று. வேண்டாம் என்றேன். ஏன் என்றான். கிட்டார் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்றேன்.

உள் அறையில் டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்கிறது. கீல் என்னமாய்க் கிறீச்சிடுகிறது. நாளைக்கு எழுந்ததும் அதற்கு எண்ணெய் விட வேண்டும்.